பொத்திச்செல்லியின் 'பிரிமாவெரா': வலது ஓரத்தில் நடப்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

நீலச்சாயம்

பதினைந்தாம் நூற்றாண்டு ஃப்ளோரன்ஸ் ஓவியர் பொத்திச்செல்லியின் 'பிரிமாவெரா' (வசந்தம்) என்ற படத்தைப் பற்றி எங்கே படித்தாலும் "வசந்தத்தின் கொண்டாட்டம்" என்றே எழுதியிருக்கிறார்கள். நடுவில் காதல் தேவி வீனஸ், அவள் தலைக்கு மேலே கண்ணைக் கட்டிக்கொண்டு அம்பு விடும் க்யூபிட், இடது பக்கம் கைகோத்து ஆடும் மூன்று பெண்கள், வலது பக்கம் பூப்போட்ட உடையில் ஒருத்தி மடியிலிருந்து ரோஜாக்களை அள்ளித் தூவிக்கொண்டு வருகிறாள். இதுவரைக்கும் கொண்டாட்டம்தான், சரி. ஆனால் அவளுக்குப் பின்னால் பாருங்கள். நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில், கன்னம் உப்பிய ஒருவன் மரங்களுக்கு நடுவிலிருந்து பாய்ந்து வந்து ஒரு பெண்ணைப் பிடிக்கிறான். அவள் பயந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிறாள், வாயிலிருந்து பூங்கொடி வேறு வழிகிறது. இதில் என்ன கொண்டாட்டம்? எல்லோரும் அந்த மூலையை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பழையஏடு

முதலில் ஒன்று. இந்தப் படத்தை வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமாகப் பார்க்க வேண்டும். காற்று அங்கிருந்துதான் வீசுகிறது. அந்த ஓரத்து மரங்கள் மட்டும் வளைந்திருப்பதைக் கவனியுங்கள். பாய்ந்து வருகிறவன் ஸெஃபிரஸ், மேற்குக் காற்று. பிடிபடுகிறவள் க்ளோரிஸ் என்ற வனதேவதை. பூப்போட்ட உடைக்காரி வேறு யாரோ அல்ல, அதே க்ளோரிஸ்தான், பூக்களின் தேவி ஃப்ளோராவாக ஆன பிறகு. ஒரே பெண்ணை முன்னும் பின்னுமாக அடுத்தடுத்து நிறுத்தியிருக்கிறார். க்ளோரிஸின் வாயிலிருந்து விழும் பூக்கள் எங்கே போகின்றன என்று கண்ணால் தொடர்ந்தால் ஃப்ளோராவின் உடையில் போய் முடியும்.

கதை ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய 'ஃபாஸ்தி'யின் ஐந்தாம் புத்தகத்தில் இருக்கிறது. ரோமானியப் பண்டிகைகளை நாள்வாரியாகச் சொல்லும் கவிதை நூல். மே மாதம் வந்ததும் ஃப்ளோராவே வாய் திறந்து தன் கதையைச் சொல்கிறாள். நான் க்ளோரிஸாக இருந்தேன், வசந்தத்தில் திரிந்துகொண்டிருந்தேன், ஸெஃபிரஸ் கண்ணில் பட்டேன், விலகினேன், துரத்தினான், ஓடினேன், அவனுக்குத்தான் பலம் அதிகம். அப்புறம் செய்த வன்முறைக்கு ஈடாக என்னை மனைவியாக்கிக்கொண்டான், எனக்குச் சீதனமாக வந்த நிலத்தில் ஒரு தோட்டம், அதைப் பூவால் நிரப்பி 'பூக்களுக்கெல்லாம் நீ அரசி' என்றான், என் மணப்படுக்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்படிப் போகிறது அவள் பேச்சு.

இதில் முக்கியமான ஒன்று. அவள் பேசும்போது வாயிலிருந்து வசந்த ரோஜாக்கள் மூச்சாக வந்தன என்று ஓவிட் சொல்வது, எல்லாம் நடந்து முடிந்து அவள் தேவியாக உட்கார்ந்து கதை சொல்லும் இடத்தில். பொத்திச்செல்லி அந்தப் பூக்களை எடுத்துப் பிடிபடும் க்ளோரிஸின் வாயில் வைத்துவிட்டார். அலறல் வரவேண்டிய இடத்தில் பூ வருகிறது. நீங்கள் கேட்ட மூலையின் மையமே இதுதான் என்பது என் எண்ணம்.

கல்தச்சன்

பழையஏடு சொன்ன ஓவிட் கதை சரி. ஆனால் அது படத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் போதும். மீதியை விளக்க ஃப்ளோரன்ஸில் அப்போது ஓடிக்கொண்டிருந்த தத்துவத்துக்குப் போகவேண்டும். தத்துவவாதி மார்சிலியோ ஃபிச்சினோ பிளேட்டோவை லத்தீனுக்குக் கொண்டுவந்து, நகரத்தைக் கையில் வைத்திருந்த மெதிச்சி குடும்பத்தின் ஆதரவில் ஒரு பெரிய வட்டமே அவரைச் சுற்றி இருந்த காலம். காதல் என்பது மேலிருந்து கீழே இறங்கி, உலகில் சுழன்று, திரும்ப மேலே போகிற ஒரு சக்தி என்பது அவர்கள் வாதம்.

கலை வரலாற்றாளர் எட்கர் விண்ட் 1958-இல் வந்த தன் புத்தகத்தில் இந்தப் படத்தை அந்தச் சட்டகத்தில் வைத்துக் காட்டினார். ஸெஃபிரஸ் மேலிருந்து கீழே மண்ணை நோக்கிப் பாய்கிறான், அது ஆசை. எதிர் ஓரத்தில் தேவர்களின் தூதன் மெர்க்குரி முதுகைக் காட்டிக்கொண்டு மேலே பார்க்கிறான், கையிலிருக்கும் கோலால் மேகத்தை விலக்குகிறான், அது சிந்தனை. அவனுக்கும் வீனஸுக்கும் இடையே ஆடும் அந்த மூன்று பெண்கள்தான் கிரேஸ் தேவியர். அவர்களில் நடுவில் நிற்பவளைப் பாருங்கள்: நகை இல்லை, முதுகு நம் பக்கம், முகம் மெர்க்குரியை நோக்கி. க்யூபிட்டின் அம்பு குறி வைப்பதும் அவளைத்தான். மற்ற இருவருக்கும் மார்பில் நகை இருக்கிறது. விண்ட் கணக்கில் அவள் கற்பு, ஒரு பக்கம் இன்பம், மறுபக்கம் அழகு. கற்புக்குக் காதல் வரப்போகிறது, ஆனால் அந்தக் காதலின் பார்வை மேல்நோக்கி இருக்கிறது. வலது ஓரத்தில் இறங்கியது இடது ஓரத்தில் ஏறிவிடுகிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

பழையஏடு

அந்தக் கச்சிதம்தான் எனக்குச் சந்தேகமே. ஏறுவது இறங்குவது என்று ஒரு சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் எந்தப் படத்திலும் யாராவது ஒருவர் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்.

தத்துவ வாசிப்புக்கு முன்பு பெரிய ஆதாரமாக இருந்தது இன்னொன்று. கலை வரலாற்றாளர் கோம்ப்ரிச் 1945-இல் எழுதிய கட்டுரை. ஃபிச்சினோ ஒரு மெதிச்சிப் பையனுக்குக் கடிதம் எழுதுகிறார், வீனஸ் மேல் கண்ணை வை, வீனஸ் என்றால் மனிதப் பண்பு என்று. அந்தப் பையன் லொரென்ஸோ தி பியர்ஃபிரான்செஸ்கோ, நாட்டையே ஆட்டிவைத்த 'மகத்தான' லொரென்ஸோ இல்லை, அவருடைய இளைய உறவினர், பலரும் இந்த இருவரையும் குழப்பிக்கொள்வார்கள். இவர் குடும்பத்துக்கு நகருக்கு வெளியே கஸ்தெல்லோ என்ற இடத்தில் ஒரு மாளிகை. ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி 1550-இல் அங்கேதான் இந்தப் படத்தையும் 'வீனஸின் பிறப்பை'யும் பார்த்ததாக எழுதுகிறார். ஆகவே இரண்டும் ஜோடிப் படங்கள், ஒரு பையனுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்க அந்த மாளிகைக்காகவே வரைந்தவை என்று ரொம்ப காலம் நம்பினார்கள்.

1975-இல் அது கலைந்தது. 1499-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் ஒன்று அச்சில் வந்தது. அதன்படி படம் மாளிகையில் இல்லை, நகரத்து வீட்டில், லொரென்ஸோவின் அறையை ஒட்டிய ஒரு அறையில், சாய்ந்து உட்காரவும் படுக்கவும் செய்கிற உயரமான முதுகுப்பலகை வைத்த மரத் திவானுக்கு மேலே மாட்டியிருந்தது. 'வீனஸின் பிறப்பு' அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதுவும் இல்லாமல் ஒன்று பாப்ளர் மரப்பலகை, ஏறக்குறைய 203-க்கு 314 சென்டிமீட்டர், மற்றது துணி, அளவும் சிறியது. இதையெல்லாம் பார்த்தும் ஜோடி என்று இன்னும் சுற்றுலாப் புத்தகங்களில் எழுதுகிறார்கள்.

பட்டியல் எழுதிய குமாஸ்தா படத்தை எப்படிக் குறிக்கிறார் தெரியுமா? ஆணும் பெண்ணுமாக ஒன்பது உருவங்கள் வரைந்த மரப்படம். அவ்வளவுதான். வீனஸ் என்று கூட இல்லை. எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கிறது.

ஒற்றைச்சக்கரம்

அந்தக் குமாஸ்தாதான் என் ஆள் 😄 எனக்கும் ஒன்பது பேர்தான் தெரிகிறது.

இன்னொன்று, வீனஸுக்குப் பின்னால் மரக்கிளைகளுக்கு நடுவே தெரியும் வானம் இரண்டு நுரையீரல் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் ஆராய்ச்சியே எழுதியிருந்தார், அதுபற்றி யாரும் பேசவில்லையே.

கல்தச்சன்

பேசவேண்டாம். அதற்கென்று தனி இழை திறந்தால் அங்கே வருகிறேன்.

குமாஸ்தா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குப் புரியவில்லை என்பது படத்தில் அர்த்தம் இல்லை என்பதற்குச் சாட்சியா? சொத்தைக் கணக்கெடுக்க வந்தவர் அவர். எத்தனை உருவம், எங்கே மாட்டியிருக்கிறது, என்ன விலை போகும், இதுதான் அவர் வேலை.

பழையஏடு

நியாயம். அர்த்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது வீட்டுக்குள்ளே, தெரிந்தவர்களுக்காக மட்டும் இருந்த அர்த்தம் என்கிறேன். கோயில் சுவரில் எல்லோரும் பார்க்க வரைந்ததில்லை இது.

வேப்பம்பூ

நீலச்சாயம் கேட்ட கேள்வியை விட்டு இருவரும் எங்கேயோ போய்விட்டீர்கள். வலது மூலைக்குத் திரும்புவோம்.

அந்த இளைய லொரென்ஸோவுக்கு 1482-இல் கல்யாணம், பெண் செமிராமிதே அப்பியானி, பியோம்பினோவை ஆண்ட குடும்பம். குடும்பங்கள் பேசி முடித்த சம்பந்தம், அரசியல் கணக்கு உள்ளது. படமும் அந்த வருடங்களைச் சேர்ந்தது, அதனால் கல்யாணத்துக்காகவே வரைந்தது என்று பல ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பொத்திச்செல்லி 1481-82-இல் ரோமில் சிஸ்டைன் சேப்பல் சுவர்களில் வேலை செய்துகொண்டிருந்தார் என்பதால் போவதற்கு முன்பா வந்த பிறகா என்று ஒரு தனிச் சண்டை ஓடுகிறது, அதற்குள் போக வேண்டாம்.

கல்யாணப் படம் என்று ஒப்புக்கொண்டால் நீலச்சாயத்தின் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. புதுப்பெண் வந்து இறங்கும் வீட்டில், ஒரு பெண்ணை வலுக்கட்டாயமாகத் தூக்கும் காட்சி எதற்கு? நம் கண்ணுக்குத்தான் இது விசித்திரம். அந்த ஊரில் அது வழக்கம். கல்யாணத்துக்குக் கொடுக்கும் மரப்பெட்டிகளில் ரோமானியர்கள் பக்கத்து இனமான சபைன் பெண்களைக் கவர்ந்துபோன கதையை வரைவார்கள், அந்தப் பெண்கள்தான் ரோமுக்குப் பிள்ளை பெற்று ஊரை நிலைநிறுத்தியவர்கள் என்ற காரணத்தோடு. பொத்திச்செல்லியே 1483-இல் புச்சி குடும்பத்துக் கல்யாணம் ஒன்றுக்கு நான்கு பலகைகள் செய்து கொடுத்தார், பொக்காச்சியோவின் கதை, காதலை மறுத்த ஒருத்தியை ஆடையில்லாமல் காட்டில் ஓடவிட்டுக் குதிரைக்காரன் ஒருவன் நாய்களோடு துரத்துகிறான், பிடித்து முதுகைப் பிளந்து குடலை எடுத்து நாய்க்குப் போடுகிறான். இதைப் பார்த்த இன்னொரு பெண் பயந்து தன்னைக் கேட்டவனுக்கு ஒப்புக்கொள்கிறாள். கடைசிப் பலகையில் கல்யாண விருந்து. மூன்று பலகைகள் மாட்ரிட்டில் பிராடோவில் இருக்கின்றன. கல்யாணப் பரிசு! அதோடு ஒப்பிட்டால் க்ளோரிஸ் கதை மென்மையானது.

ஆகவே அந்த மூலை மணமகளிடம் என்ன சொல்கிறது என்பது தெளிவாகத்தான் இருக்கிறது. பயம் இருக்கும், ஓடத் தோன்றும், ஆனால் இரண்டு அடி தள்ளிப் பார், பூ உடுத்தி நீயே நடந்து வருகிறாய், இதெல்லாம் உன் தோட்டம். தத்துவம் பேசுகிறவர்கள் இதை 'ஆசை உலகில் இறங்குகிறது' என்று எழுதும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். இறங்கியது ஆசை, சரி, அது யார் மேல் இறங்கியது? விண்டின் கணக்கில் க்ளோரிஸ் ஒரு படிக்கட்டு மட்டும்.

கல்தச்சன்

கடைசி வரி உறுத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கல்யாண வாசிப்பில் மெர்க்குரிக்கு என்ன வேலை என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை, வேப்பம்பூ அவர்களே.

தழைமரம்

நான் தாவரக்காரன், சாமிகள் உங்கள் பாடு. கீழே இருக்கும் தரையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

1982-இல் படத்தைச் சுத்தம் செய்தார்கள். நூற்றாண்டுகளாகக் கறுத்துப்போன வார்னிஷ் போனதும் அந்தப் புல்வெளி மொத்தமாக வெளியே வந்தது. அதற்கு முன்பு எழுதியவர்கள் பார்த்தது பாதி இருட்டுப் படத்தை. ஏறக்குறைய 190 பூச்செடிகள் எண்ணியிருக்கிறார்கள், அவற்றில் 130 அளவுக்கு இன்ன செடி என்று பெயர் சொல்ல முடிகிறது. வயலட், ஐரிஸ், டெய்சி, கார்ன்ஃப்ளவர், ஃப்ளோராவின் கழுத்தில் ஸ்ட்ராபெரி. பெரும்பாலும் ஃப்ளோரன்ஸைச் சுற்றி வசந்தத்தில் வயல்வெளியில் பூப்பவைதான். குறியீடு அப்புறம் இருக்கட்டும், இந்த மனிதர் செடிகளைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்து வரைந்திருக்கிறார்.

மேலே ஆரஞ்சு மரங்களில் காயும் பூவும் ஒரே நேரத்தில். அது கற்பனை இல்லை, எலுமிச்சைக் குடும்பத்தில் சாதாரணம். மெதிச்சி குடும்பத்துக்கு ஆரஞ்சு ஒரு அடையாளம் மாதிரி. வீனஸுக்கு நேர் பின்னால் மட்டும் ஆரஞ்சு விலகி மிர்ட்டில் புதர் வருகிறது, அது அவளுக்கு உரிய செடி. ஸெஃபிரஸ் நுழைகிற இடத்தில் லாரல், ஒலி ஒற்றுமையால் லொரென்ஸோ என்ற பெயருக்கு அன்றைய கவிஞர்கள் வழக்கமாகச் சொன்ன சிலேடை. அப்படியானால் மணமகன் பெயருள்ள மரங்களுக்குள் இருந்துதான் அந்த ஆள் பாய்ந்து வருகிறான். இதற்கு மேல் நான் சொல்லவில்லை.

வேப்பம்பூ

தழைமரம் அண்ணா, சாமிகள் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு இந்த இழையிலேயே பெரிய குண்டைப் போட்டுவிட்டீர்கள்.

வெண்கலமணி

தாமதமாக வருகிறேன். ஃப்ளோராவோ வீனஸோ, இருவரில் ஒருவர் அந்தக் கால ஃப்ளோரன்ஸில் அழகுக்குப் பேர்போன சிமொனெத்தா வெஸ்பூச்சி என்று படித்திருக்கிறேன். பொத்திச்செல்லி அவளைக் காதலித்து வாழ்நாள் முழுக்க அவள் முகத்தையே வரைந்தார் என்று. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

பழையஏடு

சேர்க்க வேண்டாம். சிமொனெத்தா 1476-இல் இறந்துவிட்டாள். இந்தப் படத்தில் இருப்பது அவள் முகம்தான் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று ஒன்றும் கிடையாது, காதல் கதை பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெருக்கியது. பொத்திச்செல்லி வரைந்த மாதா படங்களைப் பாருங்கள், அதே தலைச்சாய்வு, அதே முகம். அது அவர் கை வரையும் முகம்.

ஆனால் சிமொனெத்தா இருக்கும் சூழலிலிருந்து உருப்படியான ஒன்று கிடைக்கிறது. 1475-இல் 'மகத்தான' லொரென்ஸோவின் தம்பி ஜூலியானோ தெ மெதிச்சி ஒரு குதிரைப்போட்டியில் வென்றதைப் பாடி கவிஞர் பொலிட்ஸியானோ ஒரு நீண்ட கவிதை எழுதினார், அதில் வீனஸின் தோட்டம் வருகிறது, ஸெஃபிரஸ் வருகிறான், ஃப்ளோரா வருகிறாள். ஜூலியானோ 1478-இல் மெதிச்சிகளுக்கு எதிரான பாட்சி குடும்பத்தின் சதியில் கொல்லப்பட்டதும் கவிதை பாதியில் நின்றது. பொத்திச்செல்லி ஓவிடையும் இன்னொரு ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸையும் உட்கார்ந்து லத்தீனில் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, பொலிட்ஸியானோ போன்ற ஒருவர் எடுத்துச் சொல்லியிருப்பார் என்று கலை வரலாற்றாளர் வார்பர்க் 1893-லேயே எழுதிவிட்டார். லுக்ரீஷியஸில் இந்த ஊர்வலம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது: வசந்தம் வருகிறது, வீனஸ் வருகிறாள், அவளுக்கு முன்னால் சிறகுள்ள கட்டியக்காரன், ஸெஃபிரஸின் அடிச்சுவட்டில் தாய் ஃப்ளோரா வழியெல்லாம் பூ தூவுகிறாள்.

நீலச்சாயம்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது வலது மூலை எனக்குப் புரிகிறது, பிடிக்கவில்லை, ஆனால் புரிகிறது. இரண்டு சந்தேகம் பாக்கி. வீனஸ் ஏன் இவ்வளவு அடக்கமாக, முழுக்க உடுத்தி, பின்தள்ளி நிற்கிறாள்? அப்புறம் கல்தச்சன் கேட்ட மெர்க்குரி.

கல்தச்சன்

வீனஸின் உடையும் தலைத்துணியும் கல்யாணமான பெண்ணுடையவை. அவளுக்குப் பின்னால் கிளைகள் வளைந்து வானம் வில்லாகத் தெரிகிறது, வலது கை ஆசீர்வதிப்பதைப் போல உயர்ந்திருக்கிறது. ஃப்ளோரன்ஸ்காரர் கண்ணுக்கு முதலில் மாதாதான் ஞாபகம் வந்திருப்பார், வீனஸ் அடுத்ததுதான். ஒரு புறச்சமயத் தேவதையை இவ்வளவு பெரிய அளவில் வீட்டுக்குள் மாட்டுவது அப்போது புதுசு, அவருக்குக் கைவந்த உருவ அமைப்பும் மாதாவுடையது. தத்துவத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இது நிற்கும் என்று நினைக்கிறேன், பழையஏடு சண்டைக்கு வரமாட்டார்.

பழையஏடு

வரமாட்டேன். அந்தப் பட்டியலில் அதே அறையில் ஒரு மாதா குழந்தை இயேசு படமும் இருக்கிறது, அதனால் உங்களுக்கே சாதகம்.

மெர்க்குரிக்கு வருகிறேன். ரோமானியக் கவிஞர் ஹோரஸின் ஒரு குட்டிக் கவிதை, எட்டே வரி. வீனஸை அழைக்கிறது, கூடவே க்யூபிட் வரட்டும், இடுப்புக்கச்சை அவிழ்ந்த கிரேஸ் தேவியர் வரட்டும், வனதேவதைகள் வரட்டும் என்று போய் லத்தீனில் கடைசிச் சொல்லாக நிற்கிறது மெர்க்குரியின் பெயர். படத்திலும் அவன்தான் கடைசி. இது போக நாள்காட்டி விளக்கம் ஒன்று உண்டு, சார்ல்ஸ் டெம்ப்ஸி எழுதியது, எனக்குப் பிடித்தது. வசந்தத்தைக் கொண்டுவரும் காற்றில் தொடங்கி, ஏப்ரல் வீனஸுடையது, மே மெர்க்குரியுடையது, அவன் அம்மா மாயாவின் பெயரால்தான் மே என்பார்கள். வலமிருந்து இடமாக ஒரு பருவம் முழுக்க நடந்து முடிகிறது. கடைசியில் நிற்பவன் மிச்ச மேகத்தைக் கோலால் கலைத்துவிட்டுக் கோடைக்குப் போகிறான்.

வேப்பம்பூ

நாள்காட்டி எனக்கும் பிடிக்கும், ஆனால் மெர்க்குரியின் இடுப்பில் வாள் தொங்குகிறது, அதை அது விளக்கவில்லை. மேகத்தைக் கலைக்க வாள் வேண்டாம். எனக்கு அவன் தோட்டத்துக்குக் காவல் என்று படுகிறது. மேகம், மழை, வெளியாள் எதுவும் உள்ளே வராமல் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அப்படிப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. இடது ஓரத்தில் வாளோடு காவல், வலது ஓரத்தில் ஸெஃபிரஸ் தடையே இல்லாமல் உள்ளே வந்துவிட்டான். காவல்காரன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கல்தச்சன்

அவன் திரும்பாததற்கு விண்டிடம் பதில் இருக்கிறது.

வேப்பம்பூ

இருக்கும். அவரிடம் க்ளோரிஸுக்கு ஒரு பதில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

ஒற்றைச்சக்கரம்

திவானுக்கு மேலே மாட்டியிருந்தது என்றால், அதில் உட்கார்கிறவர்களுக்குப் படம் முதுகுப்பக்கம்தானே வரும்? அப்படியானால் செமிராமிதே அதை எப்போது பார்த்திருப்பாள், அறைக்குள் நுழையும்போது மட்டுமா?

தழைமரம்

உட்காராமல் எதிர்ச்சுவர் ஓரம் நின்றிருந்தாலும் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த உயரத்தில் கண்ணுக்கு நேராக வருவது சாமிகள் இல்லை, அவர்கள் காலடியில் இருக்கும் புல்தான். என் கட்சிக்கு ஒரு ஓட்டு.